செயின் ஏன் சலசலக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்ன வண்டி என்று சொல்லிவிடக்கூடிய சத்தம் ஒன்று உண்டு. அது புல்லட் மோட்டார் சைக்கிளின் சத்தம். இந்த வண்டிக்கும் வடசென்னைக்கும் நெருங்கிய உறவு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும், நம் நகரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து தயாராயிற்று. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று!

திருவொற்றியூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சடையங்குப்பம், மணலி, எண்ணூர் ஆகிய இடங்களிலும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளைப் பார்க்கலாம். வேலைக்குப் போகவும் சாமான் ஏற்றவும் பலருக்கு இது உதவுகிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஒருநாள் புதிய சத்தம் ஒன்று கேட்கத் தொடங்குகிறது. எஞ்சினின் இடது பக்கத்தில், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சலசலப்பு. பட்டறைக்குக் கொண்டுபோனால், "பிரைமரி செயின் அடிக்குது தம்பி" என்கிறார் மெக்கானிக். "சத்தம் நிற்கிற வரைக்கும் இறுக்கிக் கொடுங்க அண்ணே" என்கிறார் வண்டிக்காரர்.

இறுக்கினால் சத்தம் நிற்கிறது. ஆனால் கோளாறும் நின்றுவிட்டதா? இல்லை என்பதுதான் பல சமயங்களில் விடை. சத்தம் போடும் செயினைவிடச் சத்தமே போடாத செயின் அதிக ஆபத்தானதாக இருக்கக்கூடும். ஏன் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலையும் கணக்கையும் கொண்டே காண்போம்.

இரண்டு செயின்கள்

மோட்டார் சைக்கிளில் வெளியே தெரியும் செயின் ஒன்று உண்டு. பின்சக்கரத்தைச் சுழற்றுவது அதுதான். புல்லட்டில் வெளியே தெரியாத இன்னொரு செயினும் உண்டு. எஞ்சினுடைய கிராங்க் தண்டின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொண்டு சேர்ப்பது அது. முதலில் வருவதால் அதற்குப் பிரைமரி செயின் என்று பெயர். இடது பக்கத்தில் ஒரு மூடிய பெட்டிக்குள், எண்ணெயில் நனைந்தபடி அது ஓடுகிறது.

கிராங்க் தண்டில் 25 பற்கள் கொண்ட சிறிய பல்சக்கரம் இருக்கிறது. கிளட்ச்சின் மேல் 56 பற்கள் கொண்ட பெரிய பல்சக்கரம் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது இரட்டை வரிசைச் செயின். அதன் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள இடைவெளி 3/8 அங்குலம், அதாவது 9.525 மி.மீ. இப்படிப்பட்ட உருளைச் செயினுக்கு 1880-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர்.

வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரங்கள் எந்தத் திசையில் சுழல்கின்றனவோ, அதே திசையில்தான் கிராங்க் தண்டும் சுழல்கிறது. எஞ்சின் முன்னால் இருக்கிறது. கிளட்ச் பின்னால் இருக்கிறது. ஆகவே செயினின் மேல்பகுதி இழுபட்டு விறைப்பாக நிற்கும். கீழ்ப்பகுதி தளர்ந்து ஓடும். அந்தத் தளர்ந்த பகுதியைக் கீழிருந்து மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்க வளைந்த பட்டை ஒன்று உண்டு. அதுவே டென்ஷனர். பழைய புல்லட்டில் இதை ஏற்றி இறக்க ஒரு திருகும், அந்தத் திருகைப் பூட்டி வைக்க ஒரு நட்டும் இருக்கின்றன.

நீள்வதா, தேய்வதா?

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்வது வழக்கம். ரப்பரைப்போல எஃகு இழுபட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி, ஒரு குழாய்க்குள் உராய்ந்து திரும்புகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஊசியும் தேய்கிறது, குழாயும் தேய்கிறது. அவற்றுக்கிடையே சிறிதளவு இடம் உண்டாகிறது.

கணக்குக்காக நம் செயினில் 90 கண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மூட்டிலும் 0.05 மி.மீ. மட்டுமே தேய்ந்திருக்கட்டும். இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் 90 மூட்டுகளிலும் சேர்ந்தால் 4.5 மி.மீ. ஆகிறது. பல்சக்கரங்கள் இரண்டும் நகராமல் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. அப்படியானால் கூடுதலான இந்த 4.5 மி.மீ. எங்கே போகும்? தளர்ந்து ஓடும் கீழ்ப்பகுதியில்தான் சேரும்.

பித்தாகரஸ் என்ன சொல்கிறார்?

நாலரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கத் தோன்றும். அது செயினை எவ்வளவு ஆட வைக்கும் என்று பார்ப்போம்.

இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே செயின் நேராக ஓடும் நீளத்தை 220 மி.மீ. என்று கொள்வோம். அந்த இடத்தில் செயின் 1 மி.மீ. மட்டும் கூடுதலாக, 221 மி.மீ. இருக்கட்டும். நடுவில் விரலால் அழுத்தினால் செயின் இரண்டு சம பகுதிகளாக மடங்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். கர்ணத்தின் நீளம் 110.5 மி.மீ.; அடிப்பக்கம் 110 மி.மீ. பித்தாகரஸ் தேற்றப்படி உயரத்தைக் கண்டுபிடியுங்கள்.

110.5-இன் வர்க்கம் 12210.25. 110-இன் வர்க்கம் 12100. வித்தியாசம் 110.25. அதன் வர்க்கமூலம் 10.5.

விடையைப் பார்த்தீர்களா? கூடுதல் நீளம் 1 மி.மீ.தான். ஆனால் நடுவில் செயின் நகர்வது 10.5 மி.மீ.! இதே முறையில் 4.5 மி.மீ. கூடுதலுக்குக் கணக்கிட்டால் சுமார் 22 மி.மீ. வருகிறது. பெட்டிக்குள் அவ்வளவு தாராளமான இடம் கிடையாது. தளர்ந்த செயின் துள்ளி எழுந்து பெட்டியின் சுவரில் மோதுகிறது. பட்டறையில் கவரைக் கழற்றும்போது அதன் உட்புறத்தைக் கவனியுங்கள். செயின் உரசிய இடம் பளபளவென்று கோடுகளாகத் தெரிந்தால், சலசலப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இறுக்கினால் என்ன?

அப்படியானால் டென்ஷனரை நன்றாக ஏற்றி, செயின் சிறிதும் ஆடாதபடி வைத்துவிடலாமே? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுத் துணிக்கொடியை நினைத்துப் பாருங்கள். தொய்வாகக் கட்டிய கொடியின் நடுவில் ஈரத்துணியைப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. முறுக்கேற்றி விறைப்பாகக் கட்டிய கொடியில் அதே துணியைப் போட்டால் சில சமயம் ஆணியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். துணியின் எடை ஒன்றுதான். மாறியது கொடியின் கோணம்.

டென்ஷனர் செயினை 20 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமம். செயின் நடுவில் 10.5 மி.மீ. விலகி நிற்குமானால், செயினில் உண்டாகும் இழுவிசை சுமார் 105 நியூட்டன். செயின் விறைத்துப்போய் 1 மி.மீ. மட்டுமே விலகுமானால், அதே 20 நியூட்டனைத் தாங்க அதன் இழுவிசை சுமார் 1100 நியூட்டனாக இருக்க வேண்டும்! மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டின் இழுவிசையும் சேர்ந்து தண்டுகளை ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். அப்படியானால் கிராங்க் தண்டின் பேரிங்கும் கியர் பெட்டியின் பேரிங்கும் ஏறக்குறைய 220 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை வீணாகச் சுமக்க நேரிடும். ஒரு திருகைச் சில சுற்றுகள் கூடுதலாகத் திருகியதன் பலன் இது.

இன்னும் ஒன்று உண்டு. எஞ்சின் சூடேறும்போது உலோகங்கள் விரிவடையும். எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. செயின் எஃகால் ஆனது. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.023 மி.மீ. நீளும். எஃகு சுமார் 0.012 மி.மீ.தான் நீளும். இரண்டும் 60 பாகை சூடேறினால், 220 மி.மீ. தூரத்தில் அலுமினியம் எஃகைவிடச் சுமார் 0.15 மி.மீ. கூடுதலாக விரியும். அதாவது பல்சக்கரங்கள் விலகிப்போகும் அளவுக்குச் செயின் நீள்வதில்லை. இந்த 0.15 மி.மீட்டரைப் பித்தாகரஸ் கணக்கில் போட்டால் சுமார் 4 மி.மீ. அசைவு வருகிறது. ஆகவே குளிர்ந்த நிலையில் 4 மி.மீ. ஆடுகின்ற செயின், எஞ்சின் சூடான பிறகு முற்றிலும் விறைத்துவிடும்.

பழைய புல்லட்டில் பிரைமரி செயினின் மேல்பகுதி சுமார் 6 மி.மீ., அதாவது கால் அங்குலம், மேலும் கீழும் ஆட வேண்டும் என்று சொல்வதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? அந்தக் கால் அங்குலம் மெக்கானிக்கின் கவனக்குறைவு அன்று. வெப்பத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவது போன்றதுதான் இதுவும்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன்?

தளர்ந்த செயினுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சலசலக்கும். ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கினால் சத்தம் அடங்கிவிடும். இதற்குக் காரணம் என்ன?

புல்லட்டில் இருப்பது ஒரே சிலிண்டர். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுகள் சுற்றினால் ஒருமுறைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அப்போது கிராங்க் தண்டு வேகமெடுத்துச் செயினை இழுக்கிறது. அடுத்து வாயுவை அழுத்தும் முறை வரும்போது கிராங்க் தண்டு தயங்குகிறது. ஆனால் கனமான கிளட்ச் தன் சடத்துவத்தால் அதே வேகத்தில் சுற்றப் பார்க்கிறது. அந்த நொடிப்பொழுதில் கிளட்ச் செயினை இழுக்கிறது! விறைப்பாக இருந்த மேல்பகுதி தளர்கிறது. தளர்ந்திருந்த கீழ்ப்பகுதி விறைக்கிறது. இப்படி மாறி மாறி விறைப்பதும் தளர்வதுமாகச் செயின் சொடுக்கப்படுகிறது.

வேகம் கூடினால் என்ன ஆகிறது? கிராங்க் தண்டோடு சுழலும் கனமான ஃப்ளைவீலின் சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் வரும் தயக்கம் அதற்கு முன்னால் சிறிதாகிவிடுகிறது. செயின் ஒரே பக்கமாக இழுபட்டு ஓடுகிறது. சலசலப்பு அடங்குகிறது.

இதற்கு நேர்மாறானது அளவுக்கு மீறி இறுக்கிய செயினின் சத்தம். அது சலசலக்காது. "உய்ங்ங்" என்று ஊளையிடும். வேகம் கூடக்கூட அந்த ஊளையின் சுருதியும் ஏறும். வண்டிக்காரர் பெரும்பாலும் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. சலசலப்பு நின்றதே என்று மகிழ்ந்துவிடுகிறார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சத்தத்தை எண்ணுவோம்

சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் உரசும்படி ஓர் அட்டைத் துண்டைச் செருகி ஓட்டியிருப்பீர்கள். சக்கரத்தில் 40 கம்பிகள் இருந்து, அது வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், அட்டை வினாடிக்கு 40 முறை அடிபடும். அதன் அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். இதே முறையில் புல்லட்டின் உள்ளே நடப்பதையும் எண்ணிவிடலாம்.

எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 960 சுற்றுகள் சுற்றட்டும். வினாடிக்கு 16 சுற்றுகள். இனி வரிசையாகப் பாருங்கள்.

கிராங்க் தண்டு: வினாடிக்கு 16 சுற்று.

புகைக்குழாயின் "டக்": இரண்டு சுற்றுக்கு ஒன்று, வினாடிக்கு 8. வால்வுகள் திறந்து மூடுவதும் இதே 8.

செயினின் கண்ணிகள் பற்களில் அமர்வது: 25-ஐ 16-ஆல் பெருக்க, வினாடிக்கு 400. செயினின் மெல்லிய முனகல் இந்த 400 ஹெர்ட்ஸில்தான் இருக்கும்.

கிளட்ச்: 400-ஐ 56-ஆல் வகுக்க, வினாடிக்குச் சுமார் 7.1 சுற்று.

முழுச் செயினும் ஒருமுறை சுற்றி வருவது: 400-ஐ 90-ஆல் வகுக்க, வினாடிக்குச் சுமார் 4.4 முறை.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாளம் இருக்கிறது! ஆகவே கோளாறான பாகமும் தன் தாளத்திலேயே சத்தம் போடும். புகைக்குழாயின் "டக்" ஒலியை நம் கடிகாரமாக வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரிய சத்தம் ஒவ்வொரு "டக்"குக்கும் ஒருமுறை, சற்றும் பிசகாமல் வருகிறதா? அது வால்வுப் பகுதியாக இருக்கலாம். அதை எஞ்சினின் மேல்பகுதியிலும் வலது பக்கத்திலும் தேட வேண்டும். ஒரு "டக்"குக்கு இரண்டு முறை பிசகாமல் வருகிறதா? அது கிராங்க் தண்டோடு சுழலும் ஏதோ ஒன்று. செயின் பெட்டிக்குள் கிராங்க் தண்டின் நுனியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுழலியும் இருக்கிறது. அதன் நட்டு தளர்ந்து பக்கத்தில் உரசினால் இந்தத் தாளத்தில் சத்தம் வரும்.

இனி, சத்தம் "டக்" ஒலியோடு சேர்ந்தும் விலகியும் போகிறதா? அப்படியானால் கிளட்ச்சையோ செயினையோ சந்தேகிக்க வேண்டும். கிளட்ச்சின் தாளம் 7.1, "டக்"கின் தாளம் 8. இரண்டும் ஏறத்தாழ 1.2 வினாடிக்கு ஒருமுறை ஒன்றுகூடும். அப்போது சத்தம் ஓங்கும், பிறகு தேயும், மீண்டும் ஓங்கும். இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும்போது கேட்கும் விம்மல்களை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதற்கு உறவான நிகழ்ச்சிதான் இதுவும். செயினில் ஒரே ஓர் உருளை உடைந்திருந்தால் சத்தம் இன்னும் மெதுவான தாளத்தில் வரும். அனுபவமுள்ள மெக்கானிக் இவற்றையெல்லாம் காகிதத்தில் கணக்குப் போடுவதில்லை. அவருடைய காதே கணக்கிடுகிறது.

மெக்கானிக்கின் ஸ்டெதாஸ்கோப்

பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816-ஆம் ஆண்டில் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுதான். பட்டறையில் அந்த வேலையை நீளமான ஸ்குரூ டிரைவர் செய்கிறது. அதன் நுனியை எஞ்சினின் ஓடாத வெளிப்பகுதியில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே எலும்பின்மேல் வைத்துக் கேட்கிறார்கள். உலோகத்திலிருந்து காற்றுக்குள் தாவும்போது ஒலியின் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஸ்குரூ டிரைவர் வழியே வரும்போது அந்தத் தடை இல்லை. ஆகவே எந்த இடத்தில் நுனியை வைத்தால் சத்தம் மிகுதியாகக் கேட்கிறதோ, அதற்கு அருகில்தான் கோளாறு இருக்கும்.

எந்த வரிசையில் தேடுவது?

ஒரு நல்ல சோதனை எளியதிலிருந்து தொடங்கும். பிரித்துப் பார்ப்பது கடைசியில் வர வேண்டும்.

முதலில் வண்டியைத் திறந்தவெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். சத்தம் இடது பக்கத்திலா, வலது பக்கத்திலா என்று கேட்க வேண்டும். பிறகு, வேகம் சற்றுக் கூடும்போது அடங்குகிறதா, ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

அடுத்து, நியூட்ரலில் வைத்துக் கிளட்ச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச்சைப் பிடித்தாலும் பிரைமரி செயினும் கிளட்ச்சின் வெளிக்கூடும் எஞ்சினோடு சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள கியர் பெட்டியின் தண்டுதான் விடுபடும். ஆகவே சத்தம் மாறாமல் இருந்தால் சந்தேகம் செயின், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் பக்கம் போகிறது. சத்தம் மாறினாலோ மறைந்தாலோ கிளட்ச்சின் தட்டுகளையும் கியர் பெட்டியின் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக எண்ணெய். அளவு குறைந்திருந்தால் அதைச் சரிசெய்து மறுபடி கேட்க வேண்டும். செலவு குறைந்த வைத்தியம் இது!

நான்காவதாகத்தான் செயினின் அசைவை அளப்பது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சோதனைத் துளை வழியாகவோ கவரைக் கழற்றியோ செயினின் மேல்பகுதியை அசைத்துப் பார்க்கிறார்கள். ஓர் இடத்தில் அளந்தால் போதாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி நான்கைந்து நிலைகளில் அளக்க வேண்டும். ஓர் இடத்தில் 12 மி.மீ. ஆடும், இன்னோர் இடத்தில் 5 மி.மீ.தான் ஆடும். எதை நம்புவது? மிக இறுக்கமான இடத்தைத்தான். தளர்ந்த இடத்தில் 6 மி.மீ. வைத்தால் இறுக்கமான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்குகளைச் சம்மட்டிபோல இழுக்கும். இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. வைத்த பிறகும் மற்ற இடத்தில் செயின் பெட்டியில் மோதுகிறதென்றால், அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதைத் திருகால் குணப்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். பற்கள் கொக்கிபோலத் தேய்ந்திருந்தால் பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டென்ஷனரின் பட்டையில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மாணவர்கள் இதையெல்லாம் அருகில் நின்று பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போதும், பிறர் அதைத் திருப்பும்போதும் துளைக்குள் விரலை விடவே கூடாது. பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சிக்கிய விரல் தப்பாது.

வெள்ளமும் எண்ணெயும்

சடையங்குப்பம் போன்ற தாழ்வான பகுதிகளில் இன்னொரு காரணத்தையும் மறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னையின் பல தெருக்களில் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியின் செயின் பெட்டிக்குள் நீர் கசிந்து இறங்கியிருக்கலாம். எண்ணெயை வெளியே விடாத மூடிதான் நீரையும் உள்ளே விடாது. புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுவது பலரும் கண்டதுதானே!

நீர் எண்ணெயைவிட அடர்த்தியானது. ஆகவே அடியில் தங்கும். வண்டியை ஓட்டினால் செயின் இரண்டையும் கடைந்து பால் கலந்த தேநீர்போல ஆக்கிவிடும். ஊசிக்கும் குழாய்க்கும் நடுவே மெத்தைபோல நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அப்போது உடைகிறது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. உப்பு கலந்த நீரென்றால் துருவும் சேர்கிறது. இந்த நிலையில் எழும் சத்தத்துக்கு டென்ஷனரை இறுக்குவது எரிகிற வீட்டில் சன்னலைச் சாத்துவது போன்றது. வெள்ளத்தில் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன்பே பழைய எண்ணெயை வடித்து, கழுவி, புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். எஞ்சினின் எண்ணெயையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் வருவது பணச்செலவு மட்டுமன்று. தேய்ந்த செயின் ஓடும்போது அறுந்தால் பெட்டியை உடைக்கலாம். பல்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடும். எண்ணூர் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் போகும்போது அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தானே சரிசெய்துகொள்ளும் டென்ஷனர்

2008-க்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த எஞ்சின் புல்லட்டுகளில், திருகுக்குப் பதிலாகச் சுருள்வில் தள்ளும் டென்ஷனர் வைத்தார்கள். செயின் தேயத் தேய, சுருள்வில் பட்டையை மெல்லத் தள்ளிக்கொடுக்கும். மனிதர் கை அளவுக்கு மீறி இறுக்கிவிடும் என்ற அச்சம் இதில் இல்லை. ஆனால் சுருள்வில்லும் களைக்கும்; பட்டையும் தேயும். அப்போது அதே பழைய சலசலப்பு கேட்கும். கருவி மாறியிருக்கிறது, கேட்டு, எண்ணி, அளந்து காரணம் காணும் முறை மாறவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுச் சைக்கிளின் செயினில் கண்ணி இடைவெளி அரை அங்குலம். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். பெரியவர் ஒருவர் துணையுடன், சைக்கிளை நிறுத்தி வைத்து, செயினைத் துடைத்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளி உள்ள ஊசியின் நடுவரை அளந்து பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் தேய்மானம் ஒரு சதவீதம். செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அளந்து முடித்ததும் இந்தக் கணக்கையும் போடுங்கள். நாம் பார்த்த புல்லட் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1200 சுற்றுகள் சுற்றினால், கண்ணிகள் பற்களில் அமரும் அதிர்வெண் எவ்வளவு? புகைக்குழாயின் "டக்" வினாடிக்கு எத்தனை? கிளட்ச்சில் கோளாறு இருந்தால் அதன் சத்தமும் "டக்"கும் எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஒன்றுகூடும்? விடைகள்: 500 ஹெர்ட்ஸ், 10, ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் விடையும் இதுவானால், உங்கள் தெருவில் அடுத்த புல்லட் வந்து நிற்கும்போது சற்று நேரம் காதுகொடுத்துக் கேளுங்கள்.